நிலத்தடி நெருப்பும் நிலத்து மக்களும்

கென்யாவின் மின்சாரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் இன்று பூமிக்கு அடியிலிருந்து வருகிறது. நைவாஷா ஏரிக்குத் தெற்கே, ஓல்காரியா என்ற எரிமலை நிலத்தில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அங்கே கொதித்துக்கொண்டிருக்கும் நீரையும் ஆவியையும் மேலே கொண்டுவருகிறார்கள். ஆவியைப் பிரித்து டர்பைனுக்கு அனுப்புகிறார்கள். மிஞ்சிய வெந்நீரை மறுபடி நிலத்துக்குள்ளேயே இறக்குகிறார்கள். 1981-ல் 15 மெகாவாட்டில் தொடங்கிய இந்த வேலை இன்று 900 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் வேறெந்த நாடும் இதில் கென்யாவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

இந்த வெற்றியில் உலக வங்கிக்குப் பங்கு உண்டு. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்துக்குப் பங்கு உண்டு. ஐரோப்பிய, ஜப்பானியக் கடன்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் கடன் கிடைத்துவிட்டால் மட்டும் கிணற்றிலிருந்து ஆவி வந்துவிடாது. எந்தப் பாறைப் பிளவில் வெப்பம் ஒளிந்திருக்கிறது என்று சொல்லப் புவியியலாளர் வேண்டும். வெளிவரும் வாயுக்களை அளந்து நிலத்தடியின் நிலையைச் சொல்ல வேதியியலாளர் வேண்டும். சீறி வரும் கிணற்றை அடக்கி வேலை வாங்கப் பொறியாளர் வேண்டும். கென்யாவுக்கு அப்படிக் கிடைத்தவர்களில் பலர் நியூஸிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்து படித்துவிட்டு ஊர் திரும்பியவர்கள்.

ஆக்லாந்தின் மேற்குக் கோடியில் ஹென்டர்சனில் வாழும் தமிழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நகரத்தில் பெரும்பாலானவர்களுக்கே தெரியாது. ஆப்பிரிக்கா என்றால் பஞ்சம், போர், நன்கொடை உண்டியல் என்றே பழகிவிட்ட நமக்கு, நம் நகரத்து வகுப்பறை ஒன்று ஒரு நாட்டின் மின்சார வரலாற்றையே மாற்ற உதவியது என்பது செய்தியாக வந்து சேரவே இல்லை. இன்று இந்தியாவும் நியூஸிலாந்தும் ஆப்பிரிக்காவோடு கல்வி உறவு பற்றிப் பேசுகின்றன. சென்னை ஐஐடி சான்சிபார் தீவில் வளாகமே திறந்துவிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் இந்த அனுபவத்தை எடுத்துப் பார்ப்பது மிகவும் அவசியம்.

ஒரு பல்கலைக்கழகக் கூட்டுறவை அளக்க இரண்டு கேள்விகள் போதும் என்பது என் உறுதியான எண்ணம். அது எத்தனை ஆண்டுகள் நீடித்தது? முடிவெடுக்கும் உரிமை கடைசியில் யார் கைக்குப் போனது? கையெழுத்தான ஒப்பந்தங்களின் எண்ணிக்கையும், துணைவேந்தர்கள் கைகுலுக்கும் படங்களும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லாது.

வைராகேய் முதல் ஓல்காரியா வரை

ஆக்லாந்துக்குத் தெற்கே, டௌபோ ஏரிக்கு அருகில் வைராகேய் இருக்கிறது. 1958-ல் அங்கே மின்உற்பத்தி தொடங்கியது. ஆவியும் வெந்நீரும் கலந்து வரும் நிலத்தடி ஊற்றிலிருந்து பெரிய அளவில் மின்சாரம் எடுக்க முடியும் என்று உலகுக்கு முதலில் காட்டிய நிலையம் அதுதான். அந்த அனுபவத்தைப் பாடமாக்கி, வளரும் நாடுகளின் பொறியாளர்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்காக 1978-ல் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் புவிவெப்ப நிறுவனம் உருவானது. ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் நியூஸிலாந்து அரசும் செலவை ஏற்றன. 1979-ல் முதல் அணி வந்தது. கென்யா, எத்தியோப்பியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஒரு கல்வியாண்டு முழுக்கத் தங்கிப் பட்டயம் பெற்றார்கள். வகுப்பில் படித்ததை வைராகேய் வயலில் கைபடச் செய்து பார்த்தார்கள்.

அதே காலத்தில் ஐஸ்லாந்தும் இதே வேலையைத் தொடங்கியது. ஐ.நா. பல்கலைக்கழகத்தின் பெயரில், 1979 முதல் ஆண்டுதோறும் ஆறு மாதப் பயிற்சி. அதற்கு முன்பே இத்தாலியின் பீசாவிலும் ஜப்பானின் கியூஷுவிலும் இப்படிப்பட்ட வகுப்புகள் இருந்தன. ஆக, ஒரு காலத்தில் உலகில் நான்கு இடங்களில் இந்தக் கல்வி கிடைத்தது.

பிறகு ஒவ்வொன்றாக மூடின. பீசா 1990-களில் நின்றது. கியூஷு 2001-ல் முடிந்தது. 2002-ல் நியூஸிலாந்து அரசு உதவித்தொகையை நிறுத்த, ஆக்லாந்தின் பட்டயப் படிப்பும் நின்றுபோனது. தொடர்ந்து நடத்தியது ஐஸ்லாந்து மட்டும்தான். சில லட்சம் மக்களே வாழும் அந்தச் சின்ன நாடு அதைக் கைவிடவே இல்லை. தன் நாட்டில் நடத்தியதோடு நிற்காமல் 2005 முதல் கென்யாவுக்கே சென்று, அங்குள்ள மின் நிறுவனத்தோடு சேர்ந்து குறுகிய காலப் பயிற்சிகளையும் நடத்தியது. ஐஸ்லாந்தில் பயிற்சி பெற்றவர்களில் வேறெந்த நாட்டவரையும்விடக் கென்யர்களே அதிகம்.

ஆக்லாந்து 2007-ல் மீண்டும் தொடங்கியது. ஆனால் ஒரு கல்வியாண்டுப் படிப்பு, ஒரு பருவச் சான்றிதழாகச் சுருங்கியிருந்தது. இடையில் போன ஐந்து ஆண்டுகள் சின்ன இழப்பல்ல. ஒரு துறையில் ஐந்து வருடம் புது ஆள் வராவிட்டால், மூத்தவர் ஓய்வுபெறும்போது அவர் மேசைக்கு வர இளையவர் இருக்க மாட்டார். நாற்று விட்டவன் நடவு முடியும்வரை தண்ணீர் கட்டியே ஆக வேண்டும். பாதியில் மடையை அடைத்துவிட்டு, அடுத்த பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்தப் போகம் போனதுதான். வெலிங்டனில் பட்ஜெட் போடுகிறவர்களுக்கு அந்த ஆண்டு மிச்சம் பிடித்த தொகை தெரிந்திருக்கும். வராமல் போன பொறியாளர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

மாணவர் ஆசிரியரான கதை

இத்தனை தடங்கலுக்குப் பிறகும் கென்யா நின்று காட்டியது. 1999-2000 வறட்சியில் அணைகள் வற்றி, நாடெங்கும் மின்வெட்டு அமலானது. நீர்மின்சாரத்தையே நம்பியிருந்த நாட்டுக்கு அது பேரடி. மழையை நம்பாத மின்சாரம் வேண்டும் என்ற முடிவுக்கு அரசு வந்தபோது, அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் நாட்டுக்குள்ளேயே இருந்தார்கள். இருபது வருடமாகப் படித்து, துளையிட்டு, தவறு செய்து, திருத்திக்கொண்ட ஆட்கள். 2008-ல் புவிவெப்பத்துக்கென்றே தனி அரசு நிறுவனம் தொடங்கியது. நியேரியில் உள்ள டெடான் கிமாத்தி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புவிவெப்பப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. எத்தியோப்பியாவிலும் ஜிபூட்டியிலும் கிணறு தோண்டும் ஒப்பந்தங்களைக் கென்யாவின் கென்ஜென் மின் நிறுவனம் பெற்றது.

இதுதான் நான் கேட்ட இரண்டாவது கேள்விக்கான பதில். கற்றுக்கொடுத்தவரைத் தேடிக் கற்றுக்கொண்டவர் காலத்துக்கும் வந்துகொண்டிருந்தால், அந்தக் கூட்டுறவு எங்கோ பிசகிவிட்டது என்று பொருள். கற்றுக்கொண்டவர் தானே பள்ளி தொடங்கி, பக்கத்து நாட்டுக்கும் கற்றுக்கொடுத்தால் அது வெற்றி. எங்கே துளையிடுவது, யாரிடம் கடன் வாங்குவது, எந்த வேகத்தில் போவது என்பதையெல்லாம் கென்யர்களே முடிவு செய்தார்கள்.

மனித வளர்ச்சி என்ற எண்ணத்தை 1990-ல் மஹ்பூப் உல் ஹக்கும் அமர்த்திய சென்னும் ஐ.நா. அறிக்கை வழியாக உலகின் முன் வைத்தபோது, நாட்டின் வருமானத்தை மட்டும் பார்க்காதீர்கள், அந்த நாட்டு மனிதர்களால் என்ன செய்ய முடிகிறது என்று பாருங்கள் என்றார்கள். மின்சாரம் அந்தக் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புள்ளது. தடுப்பூசி கெடாமல் இருப்பதும், நள்ளிரவில் பிரசவம் பார்க்க முடிவதும், பெண்பிள்ளை இருட்டிய பிறகு பாடம் படிப்பதும் கம்பியில் ஓடும் மின்சாரத்தைப் பொறுத்தது. கென்யாவில் இன்று நான்கில் மூன்று பேர் வீட்டில் மின்சாரம் இருக்கிறது. அந்த மாற்றத்துக்கு ஆக்லாந்து வகுப்பறையும் ஒரு செங்கல் கொடுத்திருக்கிறது.

பாடத்தில் விடுபட்ட பாதி

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் அது பாதி உண்மைதான். ஓல்காரியா வெற்று நிலம் கிடையாது. அது மாசாய் மக்கள் காலங்காலமாக மாடு மேய்த்த மண். 2014-ல் ஓல்காரியா நான்காம் நிலையம் 140 மெகாவாட் திறனோடு இயங்கத் தொடங்கியபோது, நான்கு மாசாய்க் குடியிருப்புகள் அங்கிருந்து எழுப்பப்பட்டு வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டன. சிமென்ட் வீடு கட்டிக்கொடுத்தார்கள். பள்ளியும் கொடுத்தார்கள். ஆனால் புதிய இடத்தில் மேய்ச்சல் போதவில்லை, பாதை சரியில்லை, பட்டா கைக்கு வரத் தாமதமானது என்று மக்கள் முறையிட்டார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு மணிமாலை விற்றுப் பிழைத்த பெண்களுக்கு அந்த வருமானம் போனது. உலக வங்கியின் ஆய்வுக் குழுவுக்கும் ஐரோப்பிய முதலீட்டு வங்கிக்கும் புகார் போயிற்று. உலக வங்கியின் ஆய்வுக் குழு குறைகளைப் பதிவு செய்தது. நீண்ட பேச்சுக்குப் பின் 2016-ல் உடன்படிக்கை ஏற்பட்டது.

இந்த இடத்தில்தான் நியூஸிலாந்தின் சொந்த வரலாறு நமக்கு முக்கியமாகிறது. வைராகேய் கட்டிய காலத்தில் இங்கேயும் இதே அநியாயம் நடந்தது. 1953-ல் கொண்டுவந்த புவிவெப்ப ஆற்றல் சட்டம், நிலத்தடி வெப்பத்தைப் பயன்படுத்தும் உரிமையை அரசிடம் ஒப்படைத்தது. அந்த ஊற்றுகளைத் தங்கள் முன்னோர் தந்த சொத்தாகக் கருதி, அவற்றில் சமைத்து, குளித்து, நோயாளியைக் கிடத்தி ஆற்றிய மவோரி மக்களைக் கேட்டு அந்தச் சட்டம் எழுதப்படவில்லை. வைராகேய் நிலையம் நிலத்தடி அழுத்தத்தை உறிஞ்சியதில், அருகே இருந்த வெந்நீர்ப் பீச்சுகளின் பள்ளத்தாக்கு சில ஆண்டுகளிலேயே வற்றி அடங்கிப்போனது.

ஆனால் நியூஸிலாந்து அங்கேயே நின்றுவிடவில்லை. மவோரி மக்கள், தங்கள் உரிமைக் கோரிக்கைகளை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயத்தில் வழக்காடினார்கள். 1993-ல் புவிவெப்ப உரிமை பற்றி அந்தத் தீர்ப்பாயம் விரிவான அறிக்கைகள் தந்தது. மோகாயில் துவாரோபாகி அறக்கட்டளை என்ற மவோரி நிலவுடைமை அமைப்பு 2000-ல் தன் நிலத்தில் தானே மின்நிலையம் கொண்டுவந்தது. அதன் பெரும்பங்கு அந்த மக்களுக்கே சொந்தம். அதே வெப்பத்தைக் கொண்டு கண்ணாடிக் குடில்களில் தக்காளியும் குடமிளகாயும் விளைகின்றன. 2011-ல் பக்கத்திலேயே பால்மாவு ஆலை வந்தது. அதற்கும் நிலத்தடி ஆவிதான் எரிபொருள். 2010-ல் இயங்கத் தொடங்கிய நா அவா புருவா நிலையத்திலும் மவோரி அறக்கட்டளை ஒன்று பங்குதாரர்.

நியூஸிலாந்திடம் ஆப்பிரிக்காவுக்குக் கொடுக்க இரண்டு பாடங்கள் இருக்கின்றன. துளையிடுவது எப்படி என்பது முதல் பாடம். துளையிடும் நிலத்தின் சொந்தக்காரரை எங்கே உட்கார வைப்பது என்பது இரண்டாவது பாடம். முதல் பாடம் ஓல்காரியாவுக்கு அருமையாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது பாடம் போய்ச் சேர்ந்திருந்தால் மாசாய் பெரியவர்கள் புகார் மனுவோடு அலைந்திருக்க வேண்டியதில்லை. பங்குப் பத்திரத்தோடு கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பொறியாளரை அழைத்துப் படிக்கவைக்கும் பல்கலைக்கழகம், அதே பருவத்தில் ஒரு மாசாய்ப் பெரியவரையும் ஒரு சட்டம் படித்த மாசாய்ப் பெண்ணையும் அழைத்து மோகாயில் தங்கவைக்கட்டும். துவாரோபாகி மக்கள் எப்படிப் பேரம் பேசினார்கள், லாபத்தை எப்படிப் பிரித்தார்கள், எங்கே ஏமாந்தார்கள் என்பதை அவர்களே நேரில் சொல்லட்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு கிணறு தோண்டும் செலவில் தூசு.

தமிழர் பங்கு

ஆப்பிரிக்காவோடு கல்வி உறவு தமிழர்களுக்குப் புதிதல்ல. 1970-களிலும் 80-களிலும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆசிரியர்களும் பொறியாளர்களும் சாம்பியா, நைஜீரியா, எத்தியோப்பியா என்று ஒப்பந்தத்தில் போனார்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஊர் திரும்ப முடியாத ஈழத்தவர் பலர் அங்கிருந்தே நியூஸிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வந்து சேர்ந்தார்கள். மேற்கு ஆக்லாந்தில் இப்போது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் முதியவர்களில் அப்படிப்பட்ட வாத்தியார்கள் உண்டு.

அவர்களில் ஒருவரோடு நான் அடிக்கடி பேசுவேன். சாம்பியாவின் செம்புச் சுரங்கப் பகுதியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஹென்டர்சன் நூலகத்தில் தமிழ்ப் பத்திரிகை தேட வருவார். வெள்ளைக் காகிதம் கண்டால் இப்போதும் ஒரு முக்கோணம் வரைந்து, பக்கங்களுக்குப் பெயர் வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். சாம்பியப் பிள்ளைகளின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லும்போது அவர் முகம் மலரும். ஆனால் ஒரு குறையையும் சொல்வார். அவர் ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது அடுத்த கணக்கு வாத்தியார் வேறொரு நாட்டிலிருந்து வந்தார். அத்தனை வருடமும் அவருக்குப் பக்கத்தில் இருந்து பழகிக்கொள்ள ஓர் உள்ளூர் ஆசிரியரை யாரும் அமர்த்தவில்லை. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தேன் தம்பி, எனக்குப் பிறகு கற்றுக்கொடுக்க ஒருவரை உருவாக்காமல் வந்துவிட்டேன் என்பது அவர் ஆற்றாமை.

அந்த ஆற்றாமையின் அளவு புரிய வேண்டுமானால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1964-ல் சாம்பியா விடுதலை பெற்றபோது அந்த நாட்டு மக்களில் பட்டதாரிகள் சுமார் நூறு பேர்தான். செம்பை ஏற்றிச் சென்ற காலனி ஆட்சி ஒரு பல்கலைக்கழகம் கட்டவில்லை. 1966-ல் சாம்பியா பல்கலைக்கழகம் தொடங்கியபோது, பொதுமக்கள் காசாகக் கொடுத்தார்கள். காசில்லாதவர்கள் மக்காச்சோளமும் கோழியும் கொடுத்தார்கள். கல்வியின் அருமை ஆப்பிரிக்கச் சமூகங்களுக்கு வெளியிலிருந்து போய் யாரும் உணர்த்த வேண்டியதில்லை. வழியும் தொடர்ச்சியும் கிடைத்தால் போதும்.

அந்த வழியைத் திறக்கப் பெரிதாக யோசித்தவர் நம் அப்துல் கலாம். 2004 செப்டம்பரில் ஜோஹன்னஸ்பர்க்கில் ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தின் முன் பேசும்போது, செயற்கைக்கோள் வழியாகவும் கண்ணாடி இழை வழியாகவும் இந்தியப் பல்கலைக்கழகங்களையும் மருத்துவமனைகளையும் ஆப்பிரிக்காவோடு இணைக்கும் திட்டத்தை முன்வைத்தார். 2009-ல் அந்த இணையம் இயங்கத் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகமும் அதில் பாடம் நடத்தியது. சுமார் 22,000 ஆப்பிரிக்க மாணவர்கள் அதன் வழியே படித்தார்கள். கானாவிலிருந்தோ உகாண்டாவிலிருந்தோ சென்னைக்கு விமானம் ஏற முடியாத ஆசிரியையும் அரசு ஊழியரும் தம் ஊரிலேயே இருந்து பட்டம் பெற்ற பெரிய வேலை அது.

அடுத்த படி, 2023-ல் சென்னை ஐஐடி சான்சிபாரில் வளாகம் திறந்தது. இந்திய எல்லைக்கு வெளியே ஓர் ஐஐடி அமைந்தது அதுவே முதல் முறை. பொறுப்பேற்றவர் பேராசிரியர் பிரீத்தி அகலயம். ஐஐடி வளாகம் ஒன்றின் தலைமைக்கு வந்த முதல் பெண். தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் முதல் பாடங்கள். இது பெருமைக்குரிய தொடக்கம். அதனாலேயே அதற்கு என் இரண்டு கேள்விகளையும் வைக்கிறேன். இன்னும் இருபது ஆண்டுகளில் அந்த வளாகத்தின் பேராசிரியர்களில் பெரும்பாலானவர்கள் தான்சானியர்களாக, கிழக்கு ஆப்பிரிக்கர்களாக இருப்பார்களா? அதற்கான முனைவர் பட்ட மாணவர்களை இன்றே சென்னையில் சேர்த்தால்தான் அது நடக்கும். டாலரில் கட்டணம் கட்ட முடியாத மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாசல் திறக்குமா? பாசி வளர்க்கும் சான்சிபார் பெண்களின் விளைச்சல், கடல் மட்டம், கிராம்புத் தோட்டத்து நோய் போன்ற அந்தத் தீவின் கவலைகள் ஆராய்ச்சித் தலைப்புகளாகுமா? இவற்றைக் கேட்கும் உரிமை, அந்த நிறுவனத்தை வளர்த்த தமிழ்நாட்டுக்கு உண்டு.

வாங்கியவர்களும் கொடுக்கலாம்

உதவி வாங்கிய இடத்திலிருந்து கொடுக்கும் இடத்துக்கு இந்தியா வந்ததற்கு நியூஸிலாந்தே சாட்சி. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 1952-ல் அடிக்கல் நாட்ட முடிந்ததற்குக் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூஸிலாந்து அளித்த கொடை பெரும் காரணம். பணம் இங்கிருந்து போனது. ஆனால் 1956-ல் அதற்கான சட்டத்தை இயற்றியது இந்திய நாடாளுமன்றம், நடத்தியவர்கள் இந்தியர்கள். அன்றைய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் அதன் பின்னால் உறுதியாக நின்றார். வெளியார் கொடையாக வந்தது இந்தியரின் நிர்வாகத்தில் வளர்ந்ததால்தான் அது இன்று ஆசியாவின் பெரிய மருத்துவக் கல்வி நிலையங்களில் ஒன்றாக நிற்கிறது. ஆப்பிரிக்காவுக்குப் போகும் எந்தக் கூட்டுறவுக்கும் இந்த இலக்கணம் பொருந்தும்.

இப்போது ஹென்டர்சனுக்கு வருகிறேன். ரடானுயி தெருவில் உள்ள வைதாகரே மத்திய நூலகம், நகர நூலகமும் யுனிடெக் உயர்கல்வி நிறுவனத்தின் நூலகமும் சேர்ந்து ஒரே கட்டடமாக எழுப்பப்பட்டது. படக்கதை வாசிக்கும் குழந்தையும் செவிலியர் படிப்புக்குத் தயாராகும் தாயும் ஒரே வாசலில் நுழையலாம். சோமாலியா, எத்தியோப்பியா, எரித்திரியா, சூடான் நாடுகளிலிருந்து 1990-கள் முதல் அகதிகளாக வந்த குடும்பங்களுக்கு மாங்கரே அகதிகள் மையத்தில் தொடக்கக் கல்வி கொடுப்பது ஆக்லாந்தின் ஏயூடி பல்கலைக்கழகம். ஆப்பிரிக்கச் சமூகங்களோடு கூட்டுறவு என்றால் கடல் கடந்துதான் தேட வேண்டும் என்பதில்லை. நம் தெருவிலேயே அது தொடங்குகிறது.

இதே ஹென்டர்சனில், லிங்கன் சாலையில் இருக்கிறது வைதாகரே மருத்துவமனை. நியூஸிலாந்தின் மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் இன்று வெளிநாட்டுச் செவிலியர்கள் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்தவர்களோடு சிம்பாப்வேயிலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. மருத்துவப் பணியாளர் பற்றாக்குறையால் தவிக்கும் நாடுகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் 55 நாடுகளைப் பட்டியலிட்டது. அவற்றில் 37 ஆப்பிரிக்க வட்டாரத்தைச் சேர்ந்தவை. சிம்பாப்வேயும் அதில் இருக்கிறது. ஏழை நாடு தன் கைக்காசைப் போட்டுப் படிக்கவைத்த பெண், நம் தாய் தந்தைக்கு மருந்து கொடுக்கிறாள். அவள் இங்கே வந்து நல்வாழ்வு தேடுவது அவள் உரிமை. அதில் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவளால் பயன்பெறும் நாட்டுக்கு ஒரு கடன் இருக்கிறது. அந்தக் கடனைத் தீர்க்கப் பல்கலைக்கழகக் கூட்டுறவைவிடச் சிறந்த வழி கிடையாது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஆப்பிரிக்காவுக்கான கல்வி உதவியை ஆண்டு பட்ஜெட்டின் தயவில் விடாமல், குறைந்தது இருபது ஆண்டு உறுதியோடு நியூஸிலாந்து அரசு ஏற்க வேண்டும். இந்த நாட்டின் உதவியில் பெரும்பகுதி பசிபிக் தீவுகளுக்குப் போவது நியாயமே. அண்டை வீட்டாருக்குத்தான் முதல் கடமை. ஆனால் உலகில் வெகுசிலரிடமே உள்ள புவிவெப்ப அறிவைச் சில உதவித்தொகைகளைத் தொடர்ந்து கொடுத்தே பகிர முடியும் என்றால், அதை நிறுத்துவதற்குச் சிக்கனம் ஒரு காரணமாகாது. 2002-ல் செய்த பிழை இன்னொரு முறை நடக்கக் கூடாது.

இரண்டாவதாக, ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் பொறுப்பைக் கைமாற்றும் ஆண்டு எழுதப்பட வேண்டும். எந்த ஆண்டு முதல் உள்ளூர் ஆசிரியர் பாடம் எடுப்பார், எந்த ஆண்டு முதல் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் பட்டம் தரும் என்று முதல் நாளே எழுதி வைக்கட்டும். அந்தத் தேதி இல்லாத ஒப்பந்தத்தில் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட வேண்டாம்.

மூன்றாவதாக, நிலத்து மக்களுக்கு மேசையில் இடம் வேண்டும். மவோரி அறக்கட்டளைகள் தாங்களே பேசும் பாடம் ஆக்லாந்தின் புவிவெப்பக் கல்வியில் கட்டாயமாகட்டும். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஒவ்வொரு அணியிலும் அந்த மண்ணின் சமூகத்தவர் இருக்கட்டும்.

நான்காவதாக, ஆப்பிரிக்காவிலிருந்து பணிக்கு எடுக்கும் செவிலியர் ஒவ்வொருவருக்கும் ஈடாக, அவர் படித்த நாட்டின் செவிலியர் கல்லூரியில் ஓர் இடத்துக்கான செலவை நியூஸிலாந்து ஏற்கட்டும். அந்தக் கல்லூரிகளோடு நம் கல்லூரிகள் ஆசிரியர் பரிமாற்றம் செய்யட்டும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. மேற்கு ஆக்லாந்தில் வாக்களிக்கும் தமிழர்கள் சாலை, வாடகை, விசா என்று தொகுதி உறுப்பினரிடம் எத்தனையோ கேட்கிறோம். அந்தப் பட்டியலில் இதையும் சேர்ப்போம். சாம்பியாவிலும் நைஜீரியாவிலும் கற்பித்த நம் பெரியவர்களை, மாலை நேரங்களில் கணக்கும் அறிவியலும் கேட்டு வரும் ஆப்பிரிக்கப் பிள்ளைகளோடு நூலகத்தில் உட்கார வைப்போம். பக்கத்தில் ஓர் ஆப்பிரிக்க இளைஞரையோ இளம்பெண்ணையோ துணை ஆசிரியராக அமர்த்துவோம். அன்று சாம்பியாவில் செய்யாமல் விட்டதை இங்கே செய்ய முடியும்.

கல்வியால் மட்டுமே ஒரு தலைமுறையில் மேலே வந்த சமூகம் நாம். யாரோ ஒரு நாடு கொடுத்த உதவித்தொகையில், யாரோ ஒரு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் கடல் கடந்தார்கள். அந்த வாசல் மற்றவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று கேட்பதற்கு நம்மைவிடத் தகுதியானவர்கள் யார்? அதைக் கொடையாகக் கேட்காமல், பட்ட கடனைத் திருப்பும் வழியாகக் கேட்போம். அடுத்த பட்ஜெட்டுக்கு முன் கேட்போம்.